பர்விஸ் கடைப் பின்கட்டு

பர்விஸ் மருந்துக்கடையில் ஒரு சாப்பாட்டுக் கவுன்டரும் உண்டு; அங்கே மத்தியானம் சாப்பிட வருகிறவர்களின் முகத்தை நான் பார்த்ததில்லை. பதினோரு வருஷம் அங்கே வேலை பார்த்தவள் இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சமையலறைக்கும் கவுன்டருக்கும் நடுவே தட்டு நீட்டுவதற்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு. என் இடுப்பு உயரம்தான் இருக்கும். அதன் வழியாகத் தெரிவதெல்லாம் வயிறும் கையும்தான். வங்கி மேனேஜர் சாப்பிட உட்கார்ந்ததும் பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்துவார். நீதிபதியின் பெண்டாட்டி கையுறையைக் கழற்றாமலே சாண்ட்விச் சாப்பிடுவாள். எல்லாம் வெள்ளைக் கைகள். கறுப்பர்களான எங்கள் ஆட்கள் மருந்து வாங்கலாம், சோப்பு வாங்கலாம், ஆனால் அந்த ஒன்பது சுழல் ஸ்டூலில் ஒன்றில்கூட உட்காரக்கூடாது. நாங்கள் சமைத்ததை நாங்களே பின்வாசலில் நின்றுகொண்டு சாப்பிடுவோம். எங்களுக்கென்று தனித் தட்டு, தனிக் கோப்பை, தனி அலமாரி.

நான் ஓலா. பாத்திரம் கழுவுவது, வெங்காயம் உரிப்பது, காப்பி போடுவது என் வேலை. சமையல் முழுக்க வெர்டெல் அக்காவுடையது. என்னைவிட எட்டு வயது மூத்தவள், நான் குடியிருக்கும் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தாள். பத்தொன்பது வருஷமாக அந்த அடுப்புக்கு முன்னால் நின்றவள். அவளுடைய சிக்கன் சாலட்டுக்காகப் பக்கத்து ஊரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருவார்கள். முதலாளி மிஸ்டர் பர்விஸ் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். "எங்க வெர்டெல் கை பட்டா வெந்நிகூட ருசிக்கும்" என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் சொல்வது எங்களுக்குக் கேட்கும். கெட்ட மனிதர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடிந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு பன்றித்தொடை கொடுப்பார். ஆனால் எங்களுக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கும் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. மிசஸ், மிஸ் எல்லாம் வெள்ளைக்காரிகளுக்கு. நாங்கள் பல் விழுந்து சாகிறவரைக்கும் வெறும் வெர்டெல், வெறும் ஓலா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷம் மார்ச் மாதம் அது. தென் கரோலினாவில் அந்த மாதம் ஒரு நாள் கோட்டு கேட்கும், மறுநாள் வியர்க்கும். பக்கத்து மாநிலத்தில் நாலு கல்லூரிப் பையன்கள் வெள்ளைக்காரர்களின் கவுன்டரில் போய் உட்கார்ந்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னதிலிருந்து எங்கள் ஊர் ஒரு நிலையில் இல்லை. பர்விஸ் நாளுக்கு நாலு தடவை சமையலறைக்கு வந்து ஒன்றுமே கேட்காமல் திரும்பிப் போவார். எனக்கும் கை ஓடவில்லை. ஒரே வாரத்தில் மூன்று கோப்பை உடைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா வெந்த கோழியை எலும்பிலிருந்து பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லாம இருந்தா உனக்குத்தான் வயித்துவலி வந்துரும். சொல்லு."

"நம்ம நடீனை சர்ச்சுல கீழ்த்தளத்துல பாத்தாங்களாம். அந்தப் பிள்ளைங்களோட."

"எந்தப் பிள்ளைங்க?"

"உக்காரப் போற பிள்ளைங்க."

நடீன் அவளுடைய ஒரே மகள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கறுப்பர் கல்லூரியில் இரண்டாம் வருஷம், வேதியியல் படிப்பு. அந்தக் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவள் அவள் ஒருத்திதான். அக்கா கோழியைப் பிய்ப்பதை நிறுத்தவில்லை. ஒரு முழுக்கோழி முடிந்து அடுத்ததை எடுத்த பிறகுதான் பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை நீயும் வா. காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துரலாம்."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாங்கள் இருவரும் படியிறங்கிப் போனோம். கீழே பதினைந்து இருபது பிள்ளைகள் இருந்தார்கள். துணி தேய்க்கிற பலகை இரண்டைச் சேர்த்துப் போட்டு அதைக் கவுன்டர் என்று வைத்திருந்தார்கள். அதன் முன்னால் நாலு நாற்காலி. நாலு பேர் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் வெள்ளைக்காரர்களாக நடித்து அவர்களை இம்சிக்க வேண்டும், அதைத் தாங்கப் பழகவேண்டும். ஆமோஸ் என்று ஒரு பையன், பாஸ்டருக்குப் படிக்கிறவன், அவன்தான் நடத்தினான். ஒருத்தன் தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, "ஏ கறுப்புக் கழுதைங்களா, எழுந்திருங்கடா" என்று கத்தினான். இன்னொருத்தன் நடீனின் முடியைப் பிடித்து இழுத்தான். இழுக்கும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடீனுக்கும் வந்துவிட்டது.

காதைப் பிடித்து இழுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு, "நிறுத்துங்க" என்றாள்.

நடீன் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, இங்க வச்சு வேண்டாம். வீட்டுல பேசிக்கலாம்."

"நீ வாயை மூடு. ஏ தம்பி, தொப்பிக்காரா, வெள்ளைக்காரன் இப்படியா கத்துவான்?"

"கத்துவாங்க, மேடம்," என்றான் ஆமோஸ் மரியாதையாக.

"தெருவுல நிக்கிற வெட்டிப்பய கத்துவான். அவனை நீங்க தாங்கிருவீங்க. கடைக்காரன் கத்த மாட்டான். நான் பத்தொம்பது வருஷமாக் கேட்டிருக்கேன். தள்ளு."

கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பலகைக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். தோளைக் கொஞ்சம் தொங்கவிட்டாள். இரண்டு கையையும் பலகையில் ஊன்றிக் குனிந்தாள். அந்த நிமிஷம் அங்கே நின்றது பர்விஸ்தான். குரலை உயர்த்தவே இல்லை.

"பிள்ளைங்களா, நீங்கல்லாம் நல்ல பிள்ளைங்க. முகத்தைப் பாத்தாலே தெரியுது. யாரோ வெளியூர்க்காரன் உங்களைத் தூண்டிவிட்டிருக்கான். எனக்கு உங்க மேல கோபமே இல்ல." அப்படியே நடீன் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, உங்கம்மா எங்க வேலை பாக்குறா? ம்? நல்ல இடமா? நாளைக்கும் அந்த வேலை அவளுக்கு இருக்கணும்ல?"

நடீனுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பையன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான். "மேடம், இது நியாயமில்ல" என்றான்.

"எழுந்துட்ட பாத்தியா? தோத்துட்ட. உக்காரு."

நடீன் எழவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. கை மட்டும் பலகை மேலேயே இருந்தது.

"அழுதாப் பரவால்ல," என்றாள் அக்கா, தன் குரலில். "கையை எடுக்காத. கையைக் கீழ கொண்டு போனா கத்தி எடுக்கப் போறான்னு சொல்லிருவாங்க. இன்னொண்ணு கேளுங்க, எல்லாரும் கேளுங்க. கடைக்காரன் சொல்லியும் நீங்க அசையலைன்னா, பின்னாலேருந்து நம்ம ஆள் ஒருத்தியை அனுப்புவான். ஏப்ரனோட வருவா. உங்கம்மா வயசு இருக்கும். போயிருங்க, எங்க பொழைப்பைக் கெடுக்காதீங்கன்னு சொல்லுவா. வெள்ளைக்காரன் துப்புனாக்கூட தாங்கிரலாம், அதைத் தாங்குறதுதான் கஷ்டம். அவ மூஞ்சியப் பாக்காதீங்க. பாத்தா எழுந்திருவீங்க. புஸ்தகத்தைப் பாருங்க."

ஒரு மணி நேரம் அவர்களை ஆட்டி வைத்தாள். திரும்பி வரும் வழியில் தூறல். நான் கேட்டேன், "இழுத்துட்டு வரேன்னுதானக்கா போன?"

"எப்படியும் போகத்தான் போறாங்க, ஓலா. தெரியாமப் போறதுக்குத் தெரிஞ்சு போகட்டும்."

அன்று அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. கீரையைப் பன்றிக்கொழுப்புப் போட்டு வேகவைத்து, சோள ரொட்டி சுட்டிருந்தாள். அவள் புருஷன் ஐசக் மரம் அறுக்கும் மில்லில் வேலை. இடது கையில் இரண்டு விரலை ரம்பம் எடுத்துவிட்டது. அதிகம் பேசாத மனிதர். அன்று பேசினார்.

"எந்தக் கடை?"

நடீன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பர்விஸ்" என்றாள்.

"ஊருல மூணு கவுன்டர் இருக்கு. உங்கம்மா நிக்கிற இடம்தான் கிடைச்சுதா?"

"நானே கேட்டு வாங்கினேன்ப்பா."

"கேட்டு வாங்குனியா? ஏன்?"

"அம்மா சுடுற தேங்கா பை பலகாரத்தை இந்த ஊருல எல்லா வெள்ளைக்காரனும் சூடாச் சாப்பிட்டிருக்கான். நான் ஒடைஞ்சு போன ஓரத்தை மறுநாள் சாப்பிட்டிருக்கேன்."

"பலகாரத்துக்காக ஜெயிலுக்குப் போறவளை இப்பத்தான் பாக்குறேன்."

"பலகாரம் நல்லாருக்கும்ப்பா."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐசக் சிரிக்கவில்லை. ரொட்டியைப் பிட்டார், வைத்தார், எழுந்து ஜன்னல் வரை போனார், திரும்பி வந்தார்.

"இவ வேலை போனா உன் படிப்பு போச்சு, அது தெரியுதா? மில்லுல ஃபோர்மேனுக்குத் தெரிஞ்சா என் வேலையும் போச்சு. அப்புறம் உங்க மாமன் மாதிரி மூட்டையக் கட்டிக்கிட்டு வடக்க ரயிலேற வேண்டியதுதான்."

"அம்மா யாருன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நடீன். "என் பேரு நடீன் பெல்லமி. அந்த ஆளுக்கு அம்மா வெறும் வெர்டெல். பெல்லமின்னு ஒரு பேரு இருக்குன்னே தெரியாதே."

அறையில் எல்லாரும் அவளையே பார்த்தோம். இத்தனை வருஷமாக உள்ளுக்குள் குத்திக்கொண்டிருந்த விஷயம் இப்போது அவர்களைக் காப்பாற்றும் என்று யார் நினைத்தோம். ஐசக் உட்கார்ந்தார்.

"அப்படின்னா ஒண்ணு. அந்தக் கடைக்குள்ள இவ உனக்கு அம்மா இல்ல. நீ இவளுக்கு மக இல்ல. என்ன நடந்தாலும் சரி. சத்தியம் பண்ணு."

நடீன் பண்ணினாள். அக்காவும் பண்ணினாள். என்னையும் பண்ணச் சொன்னார்கள், ஏனென்றால் என் வாயைப் பற்றி அந்த வீட்டில் நல்ல அபிப்பிராயம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு வந்தார்கள். நான் ஜன்னலில் தட்டு வைக்கக் குனிந்தேன். கவுன்டர் மேல் எட்டுக் கறுப்புக் கைகள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

"அக்கா, வந்துட்டாங்க."

"தெரியுது. வெங்காயத்தைப் பாரு."

முன்பக்கம் ஒவ்வொரு சத்தமாகக் குறைந்தது. முள்கரண்டி சத்தம் நின்றது. ஸ்டூல்கள் கிறீச்சிட்டன, ஆட்கள் எழுந்து போனார்கள். பரிமாறுகிற வெள்ளைக்காரப் பெண் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு பர்விஸின் குரல் மெல்லக் கேட்டது. நீங்கல்லாம் நல்ல பிள்ளைங்க. யாரோ வெளியூர்க்காரன். ஒரு வார்த்தை பிசகாமல் அக்கா சொன்னதையே சொன்னார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் மயோனைஸைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், கலக்க வேண்டிய நேரம் தாண்டிய பிறகும்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"வெர்டெல், நீ போய்ச் சொல்லு. உங்க ஆளுங்க. நீ சொன்னாக் கேப்பாங்க."

"நான் சமையக்காரி, மிஸ்டர் பர்விஸ். என் பேச்சை யார் கேப்பா?"

"போய்ச் சொல்லுன்னு சொல்றேன்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனாள். நான் வெட்கத்தை விட்டு முட்டி போட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்போதுதான் முகங்கள் தெரிந்தன. ஆமோஸ், இன்னும் இரண்டு பேர், கடைசியில் நடீன், சர்ச்சுக்குப் போடுகிற நீல கவுனில். முன்னால் வேதியியல் புத்தகம். வாசலில் வேலைவெட்டி இல்லாத வெள்ளைக்காரப் பையன்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள்.

அக்கா நாலு பேருக்கும் முன்னால் நின்றாள். பர்விஸ் பக்கத்திலேயே நின்றார்.

"பிள்ளைங்களா," என்றாள். "எழுந்து வீட்டுக்குப் போங்க. இங்க உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. உங்களால எங்க பொழைப்பு போகுது."

ஆமோஸ் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "நாங்க காப்பி கேட்டிருக்கோம், மேடம்," என்றான்.

நடீன் ஒரு பக்கத்தைத் திருப்பினாள். அவ்வளவுதான். நிமிரவில்லை.

அக்கா திரும்பி நடக்கும்போது வாசல் பையன்களில் ஒருத்தன் கடுகுச் சாஸ் பாட்டிலை எடுத்து நடீன் தலையில் பிதுக்கினான். மஞ்சளாக நெற்றியில் வழிந்து புத்தகத்தில் சொட்டியது. அக்கா நின்றாள். ஒரு அடி எடுத்து வைத்தாள். நடீன் இரண்டு கையையும் கவுன்டரில் இன்னும் அழுத்தி வைத்தாள். அக்கா அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள், கதவைச் சாத்தினாள், அடுப்பை அணைத்தாள், மறுபடி பற்ற வைத்தாள்.

"திரும்பியே பாக்கல, ஓலா."

சந்தோஷப்படுகிறாளா வேதனைப்படுகிறாளா என்று கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்கத்தான் நான் வாயைத் திறந்தேன். அவளுடைய மோவாய் நடுங்குவதைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

போலீஸ் வந்து மூன்று கடையிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுபோனது. ஜெயிலில் இடம் போதவில்லை என்று பாதிப் பேரைப் பின்னால் வேலி போட்ட முற்றத்தில் நிறுத்தினார்கள். ராத்திரி முழுக்க மழை பெய்தது. மறுநாள் ஐசக் வேலிக்கு வெளியே போய் நின்று, தன் கோட்டை ஆமோஸிடம் கொடுத்து, "அந்த நீல கவுன் பொண்ணுக்குக் கொடுப்பா" என்று சொல்லிவிட்டு வந்தாராம். சத்தியத்தைக் கடைக்கு வெளியேயும் காப்பாற்றினார்.

வியாழக்கிழமை பேப்பரில் பிடிபட்டவர்களின் பெயரைப் போட்டார்கள், வயதோடு, தெருவோடு. எதற்காகப் போட்டார்கள் என்று எங்களில் எல்லாருக்கும் தெரியும். பத்து மணிக்கு பர்விஸ் அந்தப் பேப்பரோடு சமையலறைக்கு வந்து, மாவு டப்பா மேல் விரித்தார். காதில் பென்சில்.

"கடைக்காரங்க எல்லாம் கூடிப் பேசியிருக்கோம். இதுங்களைப் பெத்தவங்க எங்கக்கிட்ட வேலை பாத்துக்கிட்டே இதுங்களை அனுப்புறாங்க. அது நடக்காது. உங்களுக்குத்தான் அந்தப் பக்கம் எல்லாரையும் தெரியுமே. நான் படிக்கிறேன், யார் வீட்டுப் பிள்ளைன்னு சொல்லுங்க."

படித்தார். ஒவ்வொரு பெயருக்கும், "தெரியாதுங்க, அவங்க ஊருக்குப் புதுசுங்க" என்று நான் ஏதாவது உளறினேன். பொய் சொல்வதில் எனக்குப் பழக்கம் உண்டு.

"நடீன் பெல்லமி. பத்தொம்பது வயசு. இது என் கவுன்டர்ல உக்காந்தவ. யார் இந்த பெல்லமி?"

"தெரியாதுங்க," என்றேன்.

அக்கா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. பர்விஸ் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவள் பெயரைப் பென்சிலால் தட்டித் தட்டி யோசித்தார்.

"எங்க வீட்டுல துணி தேய்க்க வரா பாரு, லூலா. அவளுக்கு இந்த வயசுல ஒரு பொண்ணு இருக்குல்ல? ஆமா, அவதான். பெல்லமின்னு என் பெண்டாட்டி ஒரு தடவை சொன்ன மாதிரி ஞாபகம். இப்பவே ஃபோன் போட்டு அவளை நிறுத்தச் சொல்றேன்."

லூலாவுக்கு அந்த வயதில் மகள் உண்டு. பிறவியிலேயே கால் வராதவள். அந்த வீடு லூலாவின் ஒரு ஜோடிக் கையில் ஓடியது. பர்விஸ் பேப்பரை மடித்துக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டார். கத்திச் சத்தம் நின்றது.

"லூலாவுக்குக் குடும்பப் பேரு கிரான்ட், மிஸ்டர் பர்விஸ்."

"அப்போ இது யாரு?"

"நான்."

அவருக்குப் புரியவில்லை. "நீ வெர்டெல்."

"வெர்டெல் பெல்லமி. கல்யாணம் ஆகி இருபத்தொரு வருஷம் ஆச்சு."

பர்விஸ் பேப்பரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அது எப்படி? நீதான போய்ப் பேசினே. நானே பக்கத்துல நின்னேனே. அவ உன்னைத் தெரிஞ்ச மாதிரிகூட காட்டிக்கலையே. நிமிந்துகூடப் பாக்கல."

"பாக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்," என்றாள் அக்கா. "நல்லாக் கத்துக்கிட்டா."

அவர் கத்தவில்லை. அக்கா முன்னமே சொன்னாளே, கடைக்காரன் கத்தமாட்டான் என்று. பத்தொன்பது வருஷம் உன்னை எங்கள் குடும்பத்து ஆள் மாதிரி வைத்திருந்தேன் என்றார். மத்தியானத்துக்கு முன்னால் போய்விடு என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஓலா, உனக்கு இது தெரியுமா?"

எனக்குச் சொத்து சுகம் ஒன்றும் கிடையாது, இந்த வேலையை விட்டால் வேறு நாதியும் கிடையாது. "தெரியாதுங்க" என்றேன்.

"அவளுக்குத் தெரியாது," என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல். ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்தாள். "கோழி இன்னும் அரை மணி நேரம் வேகணும்," என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகான நாட்களைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நான் செய்த சிக்கன் சாலட் பாதித் தட்டோடு திரும்பி வந்தது. தெருவில் அவள் வீட்டைத் தாண்டிப் போக முடியாமல் பின் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். சனிக்கிழமை நடீன் ஜாமீனில் வந்தாள், இருமலோடு. நான் போய்ப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாட்டு முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தார்கள். ஜன்னலில் குனிந்தேன். இந்தத் தடவை பத்துக் கைகள். ஒரு ஜோடியில் வெள்ளைக் கையுறை.

முன்பக்கம் மறுபடி ஸ்டூல்கள் கிறீச்சிட்டன. மறுபடி வாசலில் பையன்கள் சேர்ந்தார்கள். இந்தத் தடவை பர்விஸ் நல்ல பிள்ளைங்க என்றெல்லாம் பேசவில்லை. நேராக உள்ளே வந்தார்.

"ஓலா, போ. போய் அதுங்களை எழுந்திருக்கச் சொல்லு. போலீஸ் வரதுக்குள்ள."

"நானா?"

"வேற யார் இருக்கா இங்க?"

வேறு யாரும் இல்லைதான். கையைத் துடைத்துக்கொண்டு போனேன். பதினோரு வருஷத்தில் கடை திறந்திருக்கும் நேரத்தில் நான் அந்தக் கதவைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. வெளிச்சம் கண்ணைக் கூசியது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் வங்கிச் சுவரோரம் ஐசக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், மில்லில் இருக்க வேண்டிய நேரத்தில்.

ஆமோஸ் இருந்தான். நடீன் அதே நீல கவுனில் இருந்தாள். அவளுக்கு அடுத்து, கடைசி ஸ்டூலில், வெர்டெல் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஈஸ்டருக்குப் போடுகிற தொப்பி. கையுறை போட்ட இரண்டு கையும் கவுன்டர் மேலே. எதிரே சுவரில் ஒட்டியிருந்த விலைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் இருந்ததெல்லாம் அவள் சமைத்தது.

நான் ஏப்ரனோடு அவள் முன்னால் நின்றேன். அவள் பார்க்கவில்லை.

சொல்ல வேண்டியது எனக்கு மனப்பாடம். போயிருங்க, எங்க பொழைப்பைக் கெடுக்காதீங்க. அந்த வார்த்தைகள் தொண்டை வரைக்கும் வந்தன. பர்விஸ் பின்னால் நின்றார், அவருடைய ஷேவிங் லோஷன் வாசனை அடித்தது. வாசலில் ஒருத்தன் கடுகு பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டான். அக்காவின் கண் இமைக்காமல் விலைப் பட்டியலிலேயே இருந்தது, என்னைப் பார்த்துவிட்டால் எழுந்துவிடுவோமோ என்று அவளுக்கும் பயம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நாளும் அவள் என்னை வெறுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கவுன்டருக்கு அடியிலிருந்து ஒரு கோப்பையும் சாசரும் எடுத்தேன். வெள்ளைக்காரர்களுக்கு வைக்கிற கோப்பை. அவள் கைகளுக்கு நடுவே வைத்தேன்.

"மிசஸ் பெல்லமி," என்றேன். வீதி வரைக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "என்ன சாப்பிடுறீங்க?"

அவள் இமை ஒரு தடவை ஆடியது.

"காப்பி," என்றாள். "மக கிட்டயும் கேளு."

காப்பிக் கூஜாவை எடுத்தேன். முதலில் கொஞ்சம் சாசரில் கொட்டிவிட்டது. பின்னால் பர்விஸ், "ஓலா," என்றார். மறுபடி, "ஓலா," என்றார். நான் திரும்பவில்லை, கோப்பை இன்னும் நிறையவில்லை.